விண்வெளிப் பனிக்கட்டியைக் கதிர்வீச்சு எவ்வளவு அரிக்கும், எப்படி மாற்றும்: தாளில் கணக்கிடும் முறை

காற்று மண்டலம் இல்லாத நிலவின் மேலோ, வால்மீனின் மேலோ, விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசித் துகளின் மேலோ படிந்திருக்கும் பனிக்கட்டியின் மீது புரோட்டான்களும், எலெக்ட்ரான்களும், கன அயனிகளும், புறஊதாக் கதிர்களும் இடைவிடாமல் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவை இரண்டு வேலைகளைச் செய்கின்றன. மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகளைப் பெயர்த்து வெளியே எறிவது ஒன்று. எஞ்சிய பனிக்கட்டிக்குள் பிணைப்புகளை உடைத்துப் புதிய சேர்மங்களை உண்டாக்குவது மற்றொன்று. ஒரு குறிப்பிட்ட பரப்பில் இவ்விரண்டும் எந்த அளவில் நடக்கும் என்பதைக் கணினி நிரல் ஏதுமின்றி, சில அட்டவணைகளையும் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு எப்படி மதிப்பிடலாம் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பள்ளி இறுதி வகுப்பு அளவிலான இயற்பியலும் வேதியியலும் போதும்.

தொடங்கும்போதே பலர் செய்யும் தவறு, என்ன சேர்மம் உருவாகும் என்று முதலில் கேட்பது. முதலில் கேட்க வேண்டியது, வந்து விழும் ஆற்றல் எந்த ஆழத்தில் தங்குகிறது என்பதுதான். அரிப்பைத் தீர்மானிப்பது மேற்பரப்பின் சில அடுக்குகளில் இறங்கும் ஆற்றல். வேதிமாற்றத்தைத் தீர்மானிப்பது துகள் கடந்து செல்லும் முழு ஆழத்திலும் பரவும் ஆற்றல். ஒரே துகள் கூட்டத்தைப் பற்றியே பேசினாலும் இந்த இரண்டு கணக்குகளையும் தனித்தனிப் பக்கங்களில் எழுதுவது நல்லது.

ஆழத்தை எடுத்தல்

புரோட்டான்களுக்கும் எலெக்ட்ரான்களுக்கும் நீரில் உள்ள நிறுத்துதிறனும் ஊடுருவு ஆழமும் அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் (NIST) இணையத்தில் வைத்திருக்கும் பிஸ்டார் (PSTAR), இஸ்டார் (ESTAR) அட்டவணைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுத்துதிறன் என்பது, துகள் ஒரு குறிப்பிட்ட தொலைவைக் கடக்கும்போது ஊடகத்துக்குள் எவ்வளவு ஆற்றலை விட்டுச் செல்கிறது என்பதன் அளவு. பனிக்கட்டியின் அடர்த்தி நீரைவிடச் சற்றே குறைவு என்பதால், அட்டவணையில் உள்ள எண்ணைக் கன சென்டிமீட்டருக்கு 0.92 கிராம் என்ற கணக்கில் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் மதிப்பீட்டுக்கு அந்தத் திருத்தமும் தேவைப்படாது.

சில எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது பயன்படும். 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நீரில் ஏறத்தாழ ஒன்றரை மைக்ரோமீட்டரில் நின்றுவிடும். 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 25 மைக்ரோமீட்டர் வரை செல்லும். அதே 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரானோ 4 மில்லிமீட்டருக்கு மேல் போகும். 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட் எலெக்ட்ரான் 5 சென்டிமீட்டரை எட்டும். இதற்கு நேர் எதிர்முனையில், 121.6 நானோமீட்டர் அலைநீளமுள்ள லைமன் ஆல்ஃபா புறஊதா ஒளி ஒரு மைக்ரோமீட்டரின் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டாது. எண்களுக்குப் பக்கத்தில் அலகை எழுதாமல் விட்டால், மைக்ரோமீட்டர் மில்லிமீட்டராக மாறி, ஆயிரம் மடங்கு பிழை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். இந்தக் கணக்கில் எனக்கே அடிக்கடி நேரும் பிழை இதுதான்.

அடுத்து ஆற்றல் வரவை எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக வியாழனின் நிலவான யூரோப்பாவை எடுத்துக்கொள்கிறேன். இந்தத் துறையில் அளவுகள் அதிகம் கிடைக்கும் இடம் அதுவே. அதன் மேற்பரப்பில் மின்னூட்டத் துகள்கள் கொண்டுவந்து கொட்டும் ஆற்றலுக்குப் பெரிதும் எடுத்தாளப்படும் மதிப்பீடு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.125 வாட். இதைச் சதுர சென்டிமீட்டருக்கு மாற்றினால், நொடிக்கு 7.8 × 10¹³ எலெக்ட்ரான் வோல்ட் ஆகும். சூரிய வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் இது அற்பமான தொகை. ஆனால் சூரிய வெளிச்சத்தின் பெரும்பகுதிக்கு நீர் மூலக்கூறின் பிணைப்பை உடைக்கும் வலிமை கிடையாது. இந்தத் துகள்களுக்கு அது உண்டு.

அரிப்பைக் கணக்கிடுதல்

ஒரு துகள் வந்து மோதும்போது சராசரியாக எத்தனை மூலக்கூறுகள் வெளியே தெறிக்கின்றன என்பதைத் தெறிப்பு விளைச்சல் என்பார்கள். பில்லியர்ட்ஸ் பந்துகள் போல அணுக்கள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுவதால் மட்டுமே தெறிப்பு நிகழும் என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். 1978இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிரவுனும் லான்செரோட்டியும் அவர்களுடைய குழுவினரும் மெகா எலெக்ட்ரான் வோல்ட் அளவிலான இலேசான அயனிகளைப் பனிக்கட்டியின் மேல் செலுத்திப் பார்த்தபோது, அந்தக் கொள்கை சொன்னதைவிட மிகப் பல மடங்கு அதிகமாகப் பனிக்கட்டி அரிபடுவதைக் கண்டார்கள். வேகமான அயனி அணுக்கருக்களை இடிப்பதைவிட எலெக்ட்ரான்களைக் கிளர்த்துவதில்தான் தன் ஆற்றலை அதிகம் செலவிடுகிறது. அந்தக் கிளர்ச்சியே பனிக்கட்டியில் மூலக்கூறு பெயர்வதற்குப் போதுமானதாக இருக்கிறது. நீர் மூலக்கூறு ஒன்றைப் பனிக்கட்டியிலிருந்து விடுவிக்கத் தேவைப்படுவது அரை எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு நடைமுறைக் குறிப்புகள் கிடைக்கின்றன. முதலாவது, அயனிகள் பொருளுக்குள் செல்வதைக் கணக்கிடும் ஸ்ரிம் (SRIM) என்ற இலவச நிரலைப் பயன்படுத்துவோர் அது தரும் தெறிப்பு விளைச்சலை வேகமான அயனிகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த நிரல் இடிபாட்டுத் தெறிப்பை மட்டுமே கணக்கில் கொள்கிறது. ஆழத்தையும் நிறுத்துதிறனையும் எடுக்க அது நல்ல கருவி. பனிக்கட்டியின் அரிப்பை எடுக்க அல்ல. இரண்டாவது, வேகமான அயனிகளுக்குத் தெறிப்பு விளைச்சல் ஏறத்தாழ எலெக்ட்ரான்வழி நிறுத்துதிறனின் இருமடிக்கு விகிதசமமாக இருக்கிறது. இந்த இருமடி உறவைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 100 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் நீரில் ஒரு மைக்ரோமீட்டருக்கு 73 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வீதம் ஆற்றலை விடுகிறது; 1 மெகா எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் 26 மட்டுமே விடுகிறது. 73ஐ 26ஆல் வகுத்தால் 2.8, அதன் இருமடி ஏறத்தாழ 8. ஆக, பத்தில் ஒரு பங்கு ஆற்றலே உள்ள துகள் எட்டு மடங்கு அதிகமாக அரிக்கிறது. ஆற்றல் கூடினால் அரிப்பும் கூடும் என்ற எளிய எண்ணம் இங்கே செல்லாது. மெதுவாகப் போகும் புரோட்டான் மேற்பரப்பின் அருகிலேயே அதிகம் செலவழித்துவிடுகிறது.

வெப்பநிலையையும் சேர்க்க வேண்டும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஃபாமா, ஷி, பரஜியோலா ஆகியோர் 2008இல் தந்த வாய்ப்பாட்டின்படி, தாழ்வெப்ப விளைச்சலோடு பெருக்க வேண்டிய காரணி, ஒன்றுடன் 220 மடங்கு ஓர் அடுக்குக்குறி உறுப்பைக் கூட்டியது. அந்த உறுப்பு e^(−E/kT): இதில் E என்ற தூண்டல் ஆற்றல் 0.06 எலெக்ட்ரான் வோல்ட், k போல்ட்ஸ்மன் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை. எண்களைப் போட்டுப் பார்த்தால் 60 கெல்வினில் மாற்றம் ஏதும் இல்லை. 100 கெல்வினில் 20 விழுக்காடு கூடுகிறது. 130 கெல்வினில் இருமடங்காகிறது. இப்படிக் கூடுவதன் பெரும்பகுதி முழு நீர் மூலக்கூறுகளாக அன்றி, உடைந்து மறுபடி சேர்ந்த ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறுகிறது. அரிப்புக் கணக்கிலும் வேதியியல் நுழையும் இடம் இது.

இனி ஆண்டுக்கு எவ்வளவு தடிமன் குறையும் என்று பார்ப்போம். துகள் பாயத்தையும் (சதுர சென்டிமீட்டரில் நொடிக்கு வந்து விழும் துகள்களின் எண்ணிக்கை) விளைச்சலையும் பெருக்கினால், சதுர சென்டிமீட்டரிலிருந்து நொடிக்குப் பெயரும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிடைக்கும். பல வகைத் துகள்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். அது 10⁹ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 3.16 × 10⁷ நொடிகள் இருப்பதால், ஆண்டுக்கு 3.16 × 10¹⁶ மூலக்கூறுகள். ஒரு கன சென்டிமீட்டர் பனிக்கட்டியில் 3.1 × 10²² மூலக்கூறுகள் உள்ளன. வகுத்தால், ஆண்டுக்கு ஒரு மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு பங்கு. பத்து லட்சம் ஆண்டுகளில் ஒரு சென்டிமீட்டர். யூரோப்பாவுக்குச் சொல்லப்படும் அரிப்பு வேகமும் இதே வரிசையில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த எண்ணை அப்படியே இறுதி விடையாக எழுதிவிடக் கூடாது. ஆய்வகத்தில் வழவழப்பான படலத்தின் மேல் அளந்த விளைச்சல் இது. பனி நிலவின் பரப்போ சிறு பனிமணிகள் மண்போலக் குவிந்தது. ஒரு மணியிலிருந்து தெறித்த நீர் மூலக்கூறு பக்கத்து மணியில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்வதால், வெளியே வருவது நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறையலாம். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் அந்தக் குளிரில் ஒட்டாதவை என்பதால் அவற்றுக்கு இந்தத் தடை இல்லை. பிறகு ஈர்ப்பையும் பார்க்க வேண்டும். யூரோப்பாவின் விடுபடு வேகம் நொடிக்கு 2.02 கிலோமீட்டர், ஒரு நீர் மூலக்கூறு அந்த வேகத்தை எட்ட 0.38 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். தெறிக்கும் மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் சிறு பகுதியே கிடைப்பதால், அவை எறியப்பட்ட கல்லைப் போல வேறோர் இடத்தில் வந்து விழுகின்றன. சனியின் சிறு நிலவான என்செலடஸில் அதே மூலக்கூறு தப்பிக்க 0.005 எலெக்ட்ரான் வோல்ட்டே போதும். அங்கே தெறித்தது ஏறத்தாழ எல்லாமே போய்விடும். எனவே பெயர்ந்த அளவு, இடம் மாறிய அளவு, நிலவை விட்டே நீங்கிய அளவு என்ற மூன்றையும் பிரித்துக் காட்டினால்தான் கணக்கு நிறைவாகும்.

இன்னொரு சரிபார்ப்பையும் தவறாமல் செய்ய வேண்டும்: வெறும் பதங்கமாதல் எவ்வளவு? 100 கெல்வினில் பனிக்கட்டியிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு ஆவியாகும் மூலக்கூறுகள் சில பத்தாயிரங்கள் மட்டுமே. 120 கெல்வினில் அது நூறு கோடியைத் தாண்டிவிடுகிறது. நாம் எடுத்துக்கொண்ட தெறிப்பு அளவும் அதே நூறு கோடிதான். வெறும் 20 கெல்வின் வேறுபாட்டில், கதிர்வீச்சு ஆட்சி செய்யும் பரப்பு வெயில் ஆட்சி செய்யும் பரப்பாக மாறிவிடுகிறது. ஆகையால் நண்பகல் வெப்பநிலை தெரியாமல் அரிப்பைப் பற்றி எதையும் உறுதியாக எழுத வேண்டாம் என்பது என் கருத்து.

வேதிமாற்றத்தைக் கணக்கிடுதல்

இங்கே அடிப்படை அளவு, மூலக்கூறு ஒன்றுக்கு எத்தனை எலெக்ட்ரான் வோல்ட் ஏறியது என்ற டோஸ். நீருக்கு மூலக்கூறுக்கு 1 எலெக்ட்ரான் வோல்ட் என்பது ஏறத்தாழ 54 லட்சம் கிரே (கிலோகிராமுக்கு ஒரு ஜூல் ஆற்றல் ஏறினால் அது ஒரு கிரே). மனித உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 அல்லது 5 கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த அலகு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

யூரோப்பாவின் முழு ஆற்றல் வரவும் மேல் 1 மில்லிமீட்டரில் தங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அடுக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 3.1 × 10²¹ மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 100 எலெக்ட்ரான் வோல்ட் ஏற வேண்டுமானால் தேவைப்படும் ஆற்றல் 3.1 × 10²³ எலெக்ட்ரான் வோல்ட்; அதை 7.8 × 10¹³ஆல் வகுத்தால் 4 × 10⁹ நொடிகள், அதாவது ஏறத்தாழ 126 ஆண்டுகள். வேகமான எலெக்ட்ரான்கள் மில்லிமீட்டரைத் தாண்டி ஆற்றலை ஆழத்துக்கு எடுத்துச் செல்வதால் உண்மையான காலம் இதைவிடக் கூடுதல். ஆனால் நிலவியல் கால அளவில் அது கண் இமைக்கும் நேரமே. அரிப்புக் கணக்கின்படி அதே 126 ஆண்டுகளில் போவது ஒரு மைக்ரோமீட்டரை ஒட்டிய தடிமன்தான். ஆகவே யூரோப்பாவின் பரப்பில் ஒரு மூலக்கூறு பெயர்ந்து போவதற்கு வெகு முன்பே பல முறை உடைந்து சேர்ந்திருக்கும். இரண்டு கணக்குகளையும் தனித்தனியே போடச் சொன்னதன் பயன் இங்கே தெரிகிறது.

உடைந்த பின் என்ன ஆகிறது? தூய நீரில் முதல் படி, மூலக்கூறு ஹைட்ரஜன் அணுவாகவும் ஹைட்ராக்சிலாகவும் பிரிவது. இவற்றில் பெரும்பாலானவை அடைபட்ட இடத்திலேயே மறுபடி சேர்ந்து நீராகிவிடும். தப்பியவற்றில் இரண்டு ஹைட்ராக்சில்கள் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு. இலேசான ஹைட்ரஜன் எளிதில் வெளியேறிவிடுவதால், எஞ்சும் பனிக்கட்டி நாளடைவில் ஆக்சிஜன் மிகுந்ததாகிறது. மூலக்கூறு ஆக்சிஜன் ஒரே அடியில் உண்டாவதில்லை. முன்னர் விழுந்த கதிர்வீச்சு விட்டுச்சென்ற இடைப்பொருளின் மேல் பின்னர் வரும் கதிர்வீச்சு வேலை செய்யும்போதே அது உருவாகிறது.

விளைபொருளின் அளவைக் கணக்கிட ஜி மதிப்பு பயன்படுகிறது: 100 எலெக்ட்ரான் வோல்ட் ஏறும்போது எத்தனை மூலக்கூறுகள் உண்டாகின்றன என்பது அதன் பொருள். பெராக்சைடுக்கு ஜி மதிப்பு 0.1 என்று வைத்துக்கொண்டு, மேலே கண்ட 100 எலெக்ட்ரான் வோல்ட் டோஸைப் போட்டால், பனிக்கட்டியில் 10 விழுக்காடு பெராக்சைடாக மாறியிருக்க வேண்டும். 1999இல் கலிலியோ விண்கலத்தின் அகச்சிவப்புக் கருவி யூரோப்பாவில் கண்டதோ 0.13 விழுக்காடு. கணக்கு தவறா? கணக்கின் அமைப்புதான் தவறு. பெராக்சைடை உண்டாக்கும் அதே கதிர்வீச்சு அதை உடைக்கவும் செய்கிறது. உண்டாகும் வேகமும் உடையும் வேகமும் சமமாகும் இடத்தில் அளவு நின்றுவிடும்; அதன் பிறகு எத்தனை ஆயிரம் ஆண்டுகள் கதிர்வீச்சு விழுந்தாலும் அது ஏறாது. ஆகவே ஜி மதிப்பைச் சிறிய டோஸ்களுக்கு மட்டும் நேராகப் பெருக்கலாம். பெரிய டோஸ்களுக்கு ஆய்வகத்தில் அளந்த நிறைவு அளவையே எடுக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் மூலக்கூறுக்கு ஓரிரு எலெக்ட்ரான் வோல்ட் ஏறியவுடனேயே 0.13 விழுக்காட்டை எட்டிவிடும் என்பதையும், மேல் மில்லிமீட்டருக்கு அது இரண்டே ஆண்டு வேலை என்பதையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பனிக்கட்டியில் வேறு பொருள்கள் கலந்திருந்தால் பட்டியல் நீளும். கார்பன் டைஆக்சைடு கலந்த நீரில் கார்பன் மோனாக்சைடும் கார்பானிக் அமிலமும் உண்டாகும். யூரோப்பாவின் பின்புற அரைக்கோளத்தில் (அது சுற்றிச் செல்லும் திசைக்கு எதிர்ப்புறம் நோக்கிய பாதியில்), அயோ என்ற பக்கத்து நிலவின் எரிமலைகளிலிருந்து புறப்பட்ட கந்தகம் வந்து பதிந்து, நீரோடு சேர்ந்து கந்தக அமில நீரேற்றாகக் கிடக்கிறது. அம்மோனியாவிலிருந்து நைட்ரஜன் வரும். மீத்தேனும் மெத்தனாலும் இருந்தால், ஹைட்ரஜன் விலக விலகக் கார்பன் சங்கிலிகள் நீண்டு, இறுதியில் செம்பழுப்பு நிறப் பிசின் போன்ற எச்சம் மிஞ்சும். கார்ல் சேகனும் பிஷுன் கரேயும் 1979இல் இத்தகைய பொருள்களுக்குத் தோலின் என்று பெயர் வைத்தார்கள். நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று கடந்து சென்ற, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சிறு வான்பொருளான அரோகோத்தின் சிவப்பு நிறத்துக்கு இத்தகைய பொருள்களே காரணமாகக் கருதப்படுகின்றன. 2002இல் இரு குழுக்கள் தனித்தனியே, விண்மீனிடைப் பனிக்கட்டியைப் போன்ற கலவைகளைப் புறஊதா ஒளியில் வைத்து, எஞ்சிய கசடை அமிலத்தில் நீராற்பகுத்தபோது கிளைசின், அலனைன் முதலிய அமினோ அமிலங்களைக் கண்டறிந்தன. அந்த நீராற்பகுப்புப் படியை விட்டுவிட்டு, பனிக்கட்டிக்குள்ளேயே அமினோ அமிலங்கள் தயாராகக் கிடந்தன என்று எழுதுவது சரியாகாது.

கதிர்வீச்சு படிக அமைப்பையும் குலைத்துப் பனிக்கட்டியை ஒழுங்கற்றதாக்கும். வெப்பம் அதைத் திரும்பவும் படிகமாக்கும். நிறமாலையில் 1.65 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் பனிக்கட்டி ஒளியை உட்கவரும் பட்டை தெளிவாக இருந்தால் படிகம், மங்கியிருந்தால் குலைவு என்று பொதுவாகக் கொள்ளலாம். அந்தப் பட்டை வெப்பநிலைக்கும் அசைந்துகொடுக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வானத்தோடு ஒப்பிடுதல்

கணக்கு முடிந்ததும் நிறமாலையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். கார்பன் டைஆக்சைடு 4.27 மைக்ரோமீட்டரிலும் கார்பன் மோனாக்சைடு 4.67 மைக்ரோமீட்டரிலும் காணப்படும். பெராக்சைடின் பட்டை 3.5 மைக்ரோமீட்டரில் உள்ளது. மெத்தனாலின் பட்டை ஒன்று 3.53இல் உள்ளது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. மெத்தனாலுக்கு 9.7 மைக்ரோமீட்டரை ஒட்டி இன்னொரு பட்டை உண்டு. அதுவும் தென்பட்டால் மட்டுமே மெத்தனால் என்று எழுதுங்கள். இன்னொரு எச்சரிக்கை: இந்த அலைநீளங்களில் தொலைநோக்கி காண்பது மேற்பரப்பின் மெல்லிய தோலை மட்டுமே. சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீங்கள் கணக்கிட்ட விளைபொருள் அங்கே இருந்தாலும் நிறமாலையில் வராமல் போகலாம்.

ஆக்சிஜனுக்கு வேறொரு சோதனை இருக்கிறது. ஜூனோ விண்கலம் 2022 செப்டம்பர் 29 அன்று யூரோப்பாவை நெருங்கிக் கடந்தபோது, அங்கிருந்து வெளியேறிய ஹைட்ரஜனின் அயனிகளை அளந்தது. அதிலிருந்து ஆக்சிஜன் உற்பத்தி நொடிக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் என்று 2024இல் கணித்தார்கள். முந்தைய மாதிரிகள் சில கிலோகிராமிலிருந்து ஆயிரம் கிலோகிராம் வரை சொல்லிவந்தன. இந்த 12 கிலோகிராமை யூரோப்பாவின் முழுப் பரப்புக்கும் பங்கிட்டால், சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 7.4 × 10⁸ ஆக்சிஜன் மூலக்கூறுகள். ஆற்றல் வரவை இதனால் வகுத்தால், வெளியேறும் ஒவ்வோர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கும் ஒரு லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் செலவாகியிருக்கிறது. உங்கள் கணக்கில் இது ஆயிரம் என்று வந்தால், ஆழத்தில் தங்கிய எலெக்ட்ரான் ஆற்றலையும் மேற்பரப்புக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.